மூன்றாம் நாள், இடது கேமரா

கடற்கரைச் சாலையை விட்டு, கருங்கல் ஊருக்குப் போகும் சாலையில் ஏறியபோது மணி நாலு இருக்கும். சட்டைப் பையில் இருந்த போனைத் தவிரக் கையில் ஒன்றும் இல்லை. கேமரா இரண்டும், கம்ப்யூட்டரும், வயர்ச் சுருளும், என் சட்டைகள் இருந்த பையும் சர்ச்சின் பங்கு மண்டபத்திலேயே கிடந்தன. கம்ப்யூட்டரை அங்கிருந்த ஒரு பெண் கேட்டாள், வைத்துவிட்டேன். பையை எடுக்க மறந்துவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்தபோது திரும்பிப் போகத் துணிவில்லை. வலது செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தேன். பத்தடிக்கு ஒருமுறை அது கழன்றது. குனிந்து மாட்டிக்கொண்டு நடந்தேன்.

அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை. வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

மண்டபத்துக்குள் அந்தப் பெண் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய கணவன் கடலில் காணாமல் போய் அன்றோடு பத்து நாள். அவனைத் தேடி மறுபடி படகு இறங்குமா இறங்காதா என்பது என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் வந்து நின்றது. அந்தச் சொல் என்னிடம் இல்லை. அதனால்தான் நடந்துகொண்டிருந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். குலசேகரத்தில் ரப்பர் வெட்டியிருக்கிறேன். வடசேரிச் சந்தையில் மூட்டை இறக்கியிருக்கிறேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கொச்சியில் ஓட்டல் பாத்திரம், பிறகு மறுபடி இங்கே. ஓரிடத்தில் ஒன்றரை வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கருங்கலில் ஒரு கல்யாண ஸ்டுடியோவுக்கு விளக்குத் தூக்கப் போனேன். அங்கேதான் கொஞ்சம் அதிக நாள் இருந்தேன். அதற்குக் காரணம் ஒரு பழைய கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த திருட்டு விண்டோஸ் ஒருநாள் வைரஸ் பிடித்துச் செத்தது. ஆல்பம் செய்ய வந்துபோன பாலிடெக்னிக் பையன் ஒருவன் விட்டுப்போன பென்டிரைவில் லினக்ஸ் இருந்தது. அதைப் போட்டேன். எழுந்துவிட்டது. ஆனால் வீடியோவைச் சுருக்கும் வேலையில் திணறியது. கேமராவிலிருந்து வரும் படத்தை அப்படியே வைத்தால் ஒரு கல்யாணத்துக்கே டிஸ்க் நிறைந்துவிடும். சுருக்கித்தான் வைக்க வேண்டும். அதைக் கம்ப்யூட்டரின் பிராசசரிடம் கொடுத்தால் ஃபேன் கத்தும், ஒரு மணி நேரப் படத்துக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த வேலையைச் செய்வதற்கென்றே ஒரு பகுதி உண்டு என்று போனில் தேடிப் படித்தேன். கார்டைச் செய்த கம்பெனி எப்போதோ அதை மறந்துவிட்டது. ஆனால் எங்கெங்கோ இருக்கும் சிலர் அதற்கு ஓப்பன் சோர்ஸ் டிரைவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தார்கள். என் இங்கிலீஷ் போதாது. ஒவ்வொரு வரியையும் போனில் தமிழாக்கிப் படித்தேன். தமிழாக்கியது பாதி புரியாது. ஆனாலும் ஒட்டிக்கொண்டே இருந்தேன். முதலாளி சொல்வார்: “ஏலே, ஓசி சாமானத்த போட்டு எனக்க கல்யாணத்த கொளப்பிராத. பெண்ணு வீட்டுக்காரன் என்ன கொளத்துல தள்ளுவான்.”

கொளப்பவில்லை. மூன்று மணி நேர வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது. ஃபேன் சத்தமே இல்லை. அதற்குப்பிறகு என்னை விளக்குத் தூக்கச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு மட்டும் தெரிந்த வேலை என்று இருந்தது அது ஒன்றுதான்.

கடற்கரை ஊர்களில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் காற்று வந்தது. பெரிய படகுகள் கரை சேர்ந்துவிட்டன. இரண்டு பேர் போன ஒரு வள்ளம் வரவில்லை. இரண்டாம் நாள் அந்த இருவரில் ஒருவனை வேறொரு படகு கண்டது. கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவன் சொன்னது இதுதான்: மற்றவன் எண்ணெய்க் கேனை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனான், போகும்போது கை காட்டினான்.

அந்தக் கேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வள்ளங்களின் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வாங்கும் இடத்தில் எல்லா வீட்டுக் கேனும் ஒரே வரிசையில் நிற்கும். எல்லாம் ஒரே நீலம், ஒரே அளவு. மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் கேனுக்கு ஒரு அடையாளம் போடுவாள். ஒருத்தி சிலுவை போடுவாள், ஒருத்தி சிவப்புத் துணி கட்டுவாள். காணாமல் போனவனுடைய மனைவி தன் கேனின் கழுத்தைச் சுற்றி மஞ்சள் பட்டை அடித்திருந்தாள். வீட்டு ஜன்னலுக்கு அடித்ததில் மிஞ்சிய பெயிண்ட். அந்தக் கடற்கரையில் மஞ்சள் கழுத்துக் கேன் அது ஒன்றுதான். அதைக் கண்டால் அவனைக் கண்ட மாதிரி.

ஹெலிகாப்டர் வந்து சுற்றிவிட்டுப் போனது. பிறகு ஊரே மூன்று படகுகளைத் தேடலுக்கு எடுத்தது. அந்தப் பெண்ணின் தம்பி ஸ்டுடியோவுக்கு வந்தான். அவனுடைய கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்திருந்தோம்.

“அண்ணே, மனுசனுக்க கண்ணு ரெண்டு மணி நேரத்துல களைச்சு போவும்” என்றான் முதலாளியிடம். “ஒங்க கேமரா ரெண்டு இருக்குல்லா? படகுக்க ரெண்டு பக்கமும் கெட்டிருவோம். வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு. நாம விட்டத அது பாக்கும்.”

முதலாளி அவன் முகத்தைப் பார்த்தார். வாடகை பற்றிப் பேசவே இல்லை. “இவனையும் கொண்டு போ” என்று என்னைக் காட்டினார். “இவன் இல்லாம அந்த பொட்டி எளும்பாது.”

கேமராவின் மெமரி கார்டு இரண்டு மணி நேரத்தில் நிறையும். அதனால் இரண்டு கேமராவையும் கேப்சர் ஸ்டிக் வழியாகக் கம்ப்யூட்டரில் மாட்டி நேரடியாகப் பதிவதென்று வைத்துக்கொண்டேன். படகில் பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் இருந்தன. பிராசசரில் ஓட்டினால் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தி அணைந்தது. கிராபிக்ஸ் கார்டில்தான் ஓட்ட வேண்டும். அதற்காகப் புதிதாக லினக்ஸ் போட்ட சின்ன டிஸ்க்கில் கார்டு என்னை உள்ளே விடவில்லை. அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று சிவப்பு எழுத்து. படகு கிளம்ப நேரமாகிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் எட்டு வருஷத்துக்கு முன் யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ எழுதிய பதில் கிடைத்தது. கார்டைத் தொடலாம் என்கிற குழுவில் என் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வரி. அடித்தேன். இரண்டு படமும் ஓடின. பிராசசர் சும்மா இருந்தது. இன்வெர்ட்டர் கத்தவில்லை.

தம்பி என் முதுகில் ஒன்று வைத்தான். “கொள்ளாம் மக்கா!”

சுழலும் டிஸ்க் படகின் குலுக்கலுக்குத் தாங்காது என்று சின்ன எஸ்எஸ்டியைப் போட்டிருந்தேன். இடம் குறைவு. ஐந்து நாள், பகல் முழுக்க, இரண்டு கேமரா. கணக்குப் பார்த்தேன். ஒரு நொடிப் படத்துக்கு இரண்டு மெகாபிட்டுக்கு மேல் கொடுக்க முடியாது. அப்படியே வைத்தேன். துறைமுகச் சுவரைப் பத்து நிமிஷம் பதிந்து, போட்டுப் பார்த்தோம். காரை பெயர்ந்த சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை வாசிக்க முடிந்தது. தம்பி வாசித்தான்: “மரண அறிவிப்பு.” வாசித்ததும் முகம் சுருங்கி, “இது வேண்டாம், நிப்பாட்டு” என்றான். பிறகு, “நம்ம கண்ணவிட நல்லா தெரியுதே” என்றான். ஆமா என்றேன்.

சுவர் அசையாது. கட்டிப்போட்ட படகும் அசையாது. அதை நான் நினைக்கவில்லை.

ஐந்து நாள் கடலில் இருந்தோம். மூன்று படகுகளும் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் வரிசையாகப் போயின. கேமரா எங்கள் படகில் மட்டும். முதல் இரண்டு நாள் நான் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்துக்கொண்டு பேட்டரிப் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் கிடந்தேன். தலையைத் தூக்கும்போதெல்லாம் திரையைப் பார்ப்பேன். கடல் கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு அலையின் நுனியும் தெரிந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வேன். அது கேமராவிலிருந்து நேராக வரும் படம். சுருக்கப்பட்டு டிஸ்க்குக்குள் போவது வேறு படம். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் உச்சிக்குப் பிறகு இடது பக்கம் நின்றவன் கடலில் ஓரிடத்தைக் காட்டிக் கத்தினான். “அஞ்ச! அஞ்ச ஒண்ணு கெடக்கு!” எல்லோரும் இடது பக்கம் ஓடினோம். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஸ்ராங்கு படகைத் திருப்பினார். படகை ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அரை மணி நேரம் அதே இடத்தைச் சுற்றினோம். நுரைதான். கத்தியவனிடம் என்ன கண்டாய் என்று கேட்டால், “நீலமா இருந்துது” என்றான், கொஞ்ச நேரம் கழித்து, “கறுப்பா இருந்துதோ என்னவோ” என்றான்.

“வெப்ராளப்படாதீங்க” என்று தம்பி பதறியவர்களை அமர்த்தினான். “கேமராவுல விழுந்திருக்கும். கரைக்கு போயி நிறுத்தி நிறுத்தி பாப்போம்.”

அப்போதே போட்டுப் பார்க்கலாமா என்று ஸ்ராங்கு கேட்டார். பதிவை நிறுத்தினால் அந்த நேரத்துக் கடல் விட்டுப்போகும் என்று நான்தான் வேண்டாமென்றேன். அவருக்கும் அது சரியாகப் பட்டது. படகு மேற்கே போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் எண்ணெய் தீர்கிற நிலையில் கரை வந்தோம். பங்கு மண்டபத்தில் கம்ப்யூட்டரை வைத்து, பெரிய டிவியில் மாட்டினேன். அந்தப் பெண் முதல் வரிசையில் கீழே உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கும். அழவில்லை. அழுதால் கண் மறைக்கும் என்று சொன்னாளாம்.

முதல் நாள் பதிவை ஓட்டினேன். படகு துறையை விட்டுக் கிளம்பும் வரை எல்லாம் தெளிவு. அலைக்கு வந்ததும் படம் உடைந்தது. கடல் சதுரம் சதுரமாக நகர்ந்தது. ஈரத் துணியை விரித்து யாரோ அடியிலிருந்து ஊதுவதுபோல. நுரையும் தண்ணீரும் ஒரே சாம்பல். பின்னாலிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, டிவி சரியில்லை என்றார்கள். அவளுக்கு மட்டும் புரிந்தது.

“இது எந்த கடலு?” என்றாள்.

“நாங்க போனதுதான் அக்கா.”

“கடலுக்கு இப்பிடி மொகம் கெடையாதே.”

நான் படத்தை நிறுத்தினேன். அவள், “சரி, ஓட்டு” என்றாள்.

ஒரு நிமிஷத்தைக்கூடத் தாண்டிப் போக அவள் சம்மதிக்கவில்லை. மூன்றாம் நாள் மதியத்தை மட்டும் பார்க்கலாம் என்று தம்பி சொன்னதற்கு, “நீங்க காணாதது முந்தியும் கெடக்கும்லா?” என்றாள். அதனால் இரண்டு கேமராவையும் பக்கம்பக்கமாக வைத்து ராத்திரியும் ஓட்டி, மூன்றாம் நாள் இடது கேமராவுக்கு வரவே இரண்டு நாள் ஆயிற்று. அந்த இடம் வந்தது. திரையின் இடது கீழ் மூலையில் நாலு நொடி ஒரு கறை. சுற்றியிருந்த சதுரங்களைவிடக் கொஞ்சம் இருட்டு. மேல்பக்கம் கொஞ்சம் வெளுப்பு. அவ்வளவுதான். அதற்குள் அலை ஏறி மூடியது.

“நிப்பாட்டு” என்றாள்.

நிறுத்தினேன். மண்டபம் முழுக்க எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தது.

“நொரைதான் எக்கா” என்றாள் ஒருத்தி.

“ஏட்டி, நொரைக்கு கழுத்து இருக்குமா?” என்றாள் இவள். “மேல பாரு. வெளுப்பா ஒரு பட்ட. அது மஞ்சள்தான்.”

“மஞ்சளா? எனக்கு வெள்ளையால்லா தெரியுது.”

“ஒனக்கு ரேஷன் கடை போர்டே தெரியாது, நீ பேசாத.”

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரிசாக்கு, தெளிவாக்கு, கலரைக் கூட்டு என்றார்கள். சினிமாவில் போலீஸ்காரன் செய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நானும் செய்தேன். அன்று முழுக்கவும் மறுநாள் காலையும் எனக்குத் தெரிந்த எல்லா ஃபில்டரையும் போட்டேன். பெரிசாக்கினால் கறை பெரிசானது. கூர்மையாக்கினால் சதுரத்தின் விளிம்பு கூர்மையானது. கலரைக் கூட்டினால் கடலே மஞ்சளானது. அப்படி மஞ்சளானபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். இல்லை அக்கா, எல்லாமே மஞ்சளாகிறது பாருங்க என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

சுருக்கும்போது முதலில் விட்டுக்கொடுப்பது நிறத்தைத்தான். மனிதன் கண் வெளிச்சத்தைப் பார்க்கிற அளவு நிறத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எல்லா வீடியோவிலும் நிறத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துத்தான் வைக்கிறார்கள். கல்யாணப் பெண்ணின் புடவை பெரிசு, அதில் அந்தக் குறை தெரியாது. தூரத்தில் மிதக்கும் கேனின் கழுத்தில் விரல் அகலப் பட்டை என்றால் அது முதல் வெட்டிலேயே மங்கிவிடும். மிச்சத்தை என் இரண்டு மெகாபிட் தின்றிருந்தது. அந்தக் கறை என்ன என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் ஸ்ராங்கு மண்டபத்துக்கு வந்தார். வெளியே காற்று மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு சொல்லு செல்லு மக்கா. கேனா, நொரையா?”

நான் திரையைப் பார்த்தேன்.

“கேனுன்னா நாளைக்கே எறக்குதேன். அஞ்சு நாள் முந்தி அந்த எடத்துல கெடந்ததுன்னா இப்ப எங்க போயிருக்கும்னு எனக்கு தெரியும், தண்ணி ஓடுத நீவாட்ட வச்சு போயிரலாம். நொரைன்னா நொரைன்னு செல்லு. நொரைக்காவ இந்த காத்துல பன்னெண்டு பிள்ளைகள கொண்டு போவ எனக்கு முடியாது.”

“தெரியல அண்ணே.”

“ஒனக்கு தெரியாது. கம்ப்யூட்டருக்கு?”

“அதுக்கும் தெரியாது. அதுக்குள்ள இல்ல.”

“பின்ன எங்க இருக்கு?”

“கேமராவுல வந்துது. டிஸ்க்குல போடுறதுக்கு சுருக்குனப்ப போச்சு.”

தம்பி சுவரோரம் நின்றிருந்தான். “சுருக்காம வச்சிருந்தா தெரிஞ்சிருக்குமா?” என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். தூரம் அதிகம், எப்படி வைத்தாலும் தெரிந்திருக்காது என்று சொன்னால் யாரால் மறுக்க முடியும்? எனக்கு அது தோன்றியது. ஆனால் கேட்டவன் ஐந்து நாள் எனக்குக் கஞ்சி கொடுத்தவன், சத்தி எடுத்தபோது தலையைப் பிடித்தவன்.

“தெரிஞ்சிருக்கும்” என்றேன்.

அவன் வெளியே போனான். பிறகு அந்தப் பெண் கேட்டாள், கோபம் எதுவும் இல்லாமல், கடையில் விலை கேட்பதுபோல.

“அழிச்சது பொட்டியா, நீயா?”

“நான்தான் அக்கா. பெட்டி சொன்னதைத்தான் செய்யும்.”

“சரி” என்றாள். “பொட்டிய வச்சிட்டு போ. எப்பிடி ஓட்டுததுன்னு காட்டிக் குடுத்துட்டு போ.”

பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தேன். இந்தப் பெரிய கட்டையை அமுக்கினால் நிற்கும், மறுபடி அமுக்கினால் ஓடும். இந்த அம்புக்குறியால் பின்னால் போகலாம். புள்ளியை அமுக்கினால் ஒவ்வொரு படமாக நகரும். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். விரலில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. புள்ளியை அமுக்கினாள், அமுக்கினாள், கறை வந்தது. நான் எழுந்து வெளியே வந்தேன்.

இதுதான் நான் விட்டு வந்தது.

கருங்கலுக்குப் பாதித் தூரத்தில் ஒரு கலுங்குப் பாலத்தின் சுவர்மேல் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்தேன். அப்போதுதான் அது தோன்றியது. டிஸ்க்கில் இடம் போதவில்லை என்பதைத்தான் இரண்டு நாளாகக் குற்றமாக எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு டிஸ்க் இல்லை, என்ன செய்ய முடியும் என்று ஒரு சமாதானமும் உள்ளே இருந்தது. அது பொய். அந்த டிஸ்க்கே போதும். நான் ஒரு நொடிக்கு முப்பது படம் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு அப்படித்தான் வைப்போம். தாலி கட்டும்போது கை வெட்டி வெட்டி நகரக் கூடாது, பெண் நடந்து வருவது ஓடுகிற தண்ணீர்போல இருக்க வேண்டும். கை பழகி, கேட்காமலே முப்பது போட்டுவிட்டேன். கடலில் மிதக்கிற கேனுக்கு எதற்கு முப்பது? நொடிக்கு ஒரு படம் போதும். அந்த இரண்டு மெகாபிட் முழுவதையும் ஒரே படத்துக்குக் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றும் போட்டோ மாதிரி இருந்திருக்கும். நாலு நொடிக்கு நாலு போட்டோ. மஞ்சள் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. டிஸ்க் குறையில்லை, கார்டு குறையில்லை, முகம் தெரியாதவர்கள் எழுதிய டிரைவர் ஒரு குறையும் வைக்கவில்லை. காணாமல் போன ஒருவனைத் தேடப் போன இடத்தில் நான் கல்யாண வீடியோ எடுத்திருக்கிறேன்.

திரும்பிப் போய் இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். யாருக்கு என்ன பயன்? அந்த ஐந்து நாள் திரும்பி வராது. கலுங்கின் அடியில் தண்ணீர் இல்லை. குப்பை கிடந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, “சொகமில்லியா?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். போய்விட்டார்.

கருங்கலில் ஸ்டுடியோ திறந்திருந்தது. எதிர்ப்பக்கமாக நடந்தேன். முதலாளிக்குப் போன் செய்து கேமரா எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர், “நீ எங்கலே?” என்றார். வைத்துவிட்டேன். சந்தைப் பக்கம் மூடிய கடையொன்றின் படியில் படுத்தேன். குலசேகரம் போய் ரப்பர் வெட்டலாம், வடசேரி போனால் மூட்டை கிடைக்கும். முன்பெல்லாம் ஒரு ஊரை விட்டால் அடுத்த ஊர் மனதில் வந்துவிடும். அன்று எந்த ஊரும் வரவில்லை. கண்ணை மூடினால் சதுரங்கள் நகர்ந்தன.

விடிந்ததும் குலசேகரம் பஸ்தான் முதலில் வந்தது. ஏறவில்லை. அடுத்து வந்த தேங்காய்பட்டணம் பஸ்ஸில் ஏறினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மலைப்பக்கம் போனால் கடல் தெரியாது, அதுவாக இருக்கலாம்.

துறைமுகத்தில் பெரிய படகுகள் நின்றன. ஒன்றில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் ஸ்ராங்கு கரையில் நின்று பல் தேய்த்துக்கொண்டே ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார். வேலை உண்டா என்று கேட்டேன்.

“கடலுக்கு போயிருக்கியா?”

“அஞ்சு நாள்.”

“அஞ்சு நாளா! பெரிய மீன்காரன்தான்.” துப்பிவிட்டு மறுபடி தேய்த்தார். “சமையல் தெரியுமா? எனக்க சமையக்காரன் காய்ச்சல்ல கெடக்கான்.”

“சோறு, மீன் கொழம்பு வைப்பேன்.”

“அது எல்லாவனும் செல்லுவான். கேட்டுக்க, நேரே மீனுக்கு போவல. கெழக்க ஒரு ஊர்க்காரிக்க மாப்பிளைய காணல. நேத்து சாயந்திரம் அவளே இஞ்ச வந்து நிண்ணா. கேனு கண்டேன், மஞ்ச கழுத்து கேனு, எனக்க கேனு எனக்கு தெரியாதாங்குதா. ஆறு படகு வரிசையா போவுது. அவளுக்க ஊர் படகு காலையிலேயே எறங்கிட்டு.” தலையை ஆட்டினார். “அங்க படம் எடுக்க போன ஒருத்தன் எல்லாத்தையும் கொளப்பிட்டானாம். கண்டதையும் தெளிவா எடுக்கல்லையாம். அவன என்ன செய்யலாம்?”

“அது நான்தான்” என்றேன்.

பல் தேய்த்த கை நின்றது. என் செருப்பிலிருந்து தலை வரை ஒருமுறை பார்த்தார். ஐஸ் தூக்கிக்கொண்டிருந்தவனும் நின்று பார்த்தான்.

“சோறு கொளையாம வைப்பியா?” என்றார்.

“வைப்பேன்.”

“கண்ணு தெரியுமா?”

“தெரியும்.”

“ஏறு.”

ஏறினேன். பதினான்கு பேருக்கு அரிசி அளந்து கழுவினேன். பானையைச் சுற்றிக் கம்பி கட்டினேன், அலையில் சரியாமலிருக்க. படகு முகத்துவாரத்தைத் தாண்டியதும் ஆடத் தொடங்கியது, எனக்கு வாயில் உப்புத் தண்ணீர் ஊறியது. அடக்கிக்கொண்டேன். உலை கொதிக்கும்வரை உனக்கு அடுப்படியில் என்ன வேலை, இடது பக்கம் போய் நில் என்றார் ஸ்ராங்கு. போய் நின்றேன்.